சீமாட்டி தீனி எடுக்காத நாட்கள்

எங்கள் வீட்டில் யாரையும் கழுதை என்று திட்ட முடியாது. கோபத்தில் வாய் தவறி வந்துவிட்டால் அண்ணி கையில் இருக்கும் வேலையை நிறுத்திவிட்டு, "அது உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" என்று கேட்பார். திட்டு வாங்கியவர் தப்பித்துவிடுவார், திட்டியவர் மாட்டிக்கொள்வார். மாட்டிக்கொள்வது பெரும்பாலும் நான்தான்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. அண்ணன் இல்லை. அண்ணி இருக்கிறார், அவருடைய கழுதைகள் இருக்கின்றன, சுவருக்கு இந்தப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் சோப்புக் கட்டிகளோடு இருக்கிறோம். தெருவில் அவருக்குப் பெயர் கழுதை வீட்டுக்காரம்மா. எனக்குச் 'சோப்பு'. பெற்றவர்கள் ஆசை ஆசையாக வைத்த பெயர்கள் எங்களுக்கும் உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட ஆள்தான் இல்லை.

அண்ணி நல்ல உயரம். செங்கல் சூளையில் சின்ன வயதிலிருந்து வேலை பார்த்ததால் தோள் இரண்டும் பலகை மாதிரி இருக்கும். உள்ளங்கையில் ரேகை பார்க்க வருகிறவன் ஏமாந்துதான் போக வேண்டும், அங்கே ஒன்றும் மிச்சமில்லை. எதைக் கட்டினாலும் ரெட்டை முடிச்சுப் போடுவார். தவிட்டு மூட்டை, கொட்டகைப் படல், எனக்குக் கொடுத்தனுப்பும் பழைய துணி, எல்லாவற்றிலும் அந்த முடிச்சு இருக்கும். அதை அவிழ்க்க விரல் போதாது, பல்லும் வேண்டும். "அவிழ்ந்து விழுந்தா யாரு பொறுக்குறது?" என்பார் கேட்டால்.

சூளையில் கழுதைகள்தான் கல் சுமந்தன. காய்ந்த பச்சைக் கல்லைக் களத்திலிருந்து சூளைக்கும், வெந்த கல்லைச் சூளையிலிருந்து லாரிக்கும் கொண்டுபோக வேண்டும். முதுகில் தொங்கும் பையில் கல் அடுக்குவது அண்ணியின் வேலை. அங்கே அவருக்கு நல்ல பெயர் கிடையாது. முதுகில் புண் இருக்கும் கழுதைக்கு அடுக்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பாராம். கணக்குப்பிள்ளை கத்துவாராம், இவர் நிற்பாராம். கடைசியில் கணக்குப்பிள்ளைக்குத்தான் தொண்டை கட்டுமாம்.

அந்தச் சூளைக்கு லாரி ஓட்டியவன் என் அண்ணன். ஒருநாள் பின்னால் பார்க்காமல் வண்டியை எடுத்து ஒரு கழுதையின் விலாவில் உரசிவிட்டான். அன்றைக்கு வீட்டுக்கு வந்தவன் சட்டையைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்து சொன்னான்:

"இன்னிக்கு ஒருத்தி என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டா."

"நீ என்ன சொன்னே?" என்றேன்.

"நான் என்னத்தச் சொல்றது. கேட்டுட்டே இருந்தேன். நாளைக்கும் போய்க் கேக்கணும் போல இருக்கு."

கேட்டான். கல்யாணம் வரைக்கும் கேட்டான், அதற்குப் பிறகும் கேட்டான். அவனைப் போல் சந்தோஷமாகத் திட்டு வாங்கின ஆளை நான் பார்த்ததில்லை.

வெளியூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனபோது ஒரு இறக்கத்தில் லாரி கவிழ்ந்தது. அங்கேயிருந்த ஆஸ்பத்திரிக்குப் பெரியப்பாவும் நானும் போனோம். இவன்தான் என்று சொல்லிக் கையெழுத்துப் போட ரத்த சொந்தம் வேண்டும் என்றார்கள். வீட்டுக்குக் கொண்டு வந்தபோது அண்ணன் ஆணி அடித்த பெட்டிக்குள் இருந்தான். அண்ணி பெட்டியின் மேல் கையை வைத்து, "ஒரே ஒரு தடவ தொறந்து காட்டுங்க" என்று கேட்டார். சத்தமாகக் கூடக் கேட்கவில்லை. பெரியப்பா எங்கள் வீட்டுக்குப் பெரியவர், கெட்டவர் கிடையாது. "வேண்டாம், அவ பார்க்க வேண்டாம், தாங்க மாட்டா" என்று சொல்லிவிட்டார். எல்லோரும் அதுதான் சரி என்றார்கள். பெட்டி அப்படியே போனது.

அதற்குப் பிறகு அண்ணியிடம் ஒரு பழக்கம் வந்தது. எங்கள் தெருமுனையில் ஒரு மேடு இருக்கிறது, அதில் ஏறும்போது லாரிகள் கியர் மாற்றும். அந்தச் சத்தம் கேட்டால் அண்ணியின் தலை நிமிரும். பேசிக்கொண்டிருந்தால் பேச்சு நிற்கும், சாப்பிட்டுக்கொண்டிருந்தால் கை பாதியில் நிற்கும். லாரி போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். வருஷங்கள் போயும் அது போகவில்லை. நாங்கள் யாரும் அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை.

கொஞ்ச காலத்தில் சூளைக்காரர் டிராக்டர் வாங்கினார். கழுதைகளைச் சாலையில் விரட்டிவிட்டார். விற்றால் கூட யாரோ ஒருவன் தீனி போட்டிருப்பான், இவர் அந்தத் தொல்லைகூடப் பட்டுக்கொள்ளவில்லை. அவற்றில் இரண்டு, குப்பைத் தொட்டிப் பக்கம் ஒன்றின் கழுத்தில் ஒன்று தலையை வைத்து நின்றுகொண்டிருந்தன. அண்ணி அவற்றின் முன்னால் போய் நின்றார். கூப்பிடக்கூட இல்லை, திரும்பி நடந்தார், அவை பின்னாலேயே வந்துவிட்டன. அப்படித்தான் அவர் என்னிடம் விளக்கம் சொன்னார். இரண்டு கழுதைகளை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குள் வருகிறவரிடம் அதற்கு மேல் என்ன கேட்பது?

வயதான ஆண் கழுதைக்கு மேஸ்திரி என்று பெயர். சூளையில் வரிசைக்கு முன்னால் அதுதான் நடக்கும். ஒரு காதில் பெரிய கிழிசல், முதுகில் தோலும் மயிரும் திரும்ப வராத ஒரு வழுக்கை. பெட்டைக்குச் சீமாட்டி. முன்தினம் பிடித்த தண்ணீரைக் குடிக்காது. வாளியில் ஒரு வைக்கோல் துரும்பு மிதந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சூளையில் கிடந்து கஷ்டப்பட்டதுக்கு இவ்வளவு மிடுக்கு எங்கேயிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. இரண்டும் தனித்தனியாகத் தீனி எடுக்காது. ஒரே கூடையில் இரண்டு வாயும் இருக்க வேண்டும். மேஸ்திரிக்குப் பல் விழுந்த பிறகு ஊறவைத்த தீனி கொடுத்தோம், சீமாட்டி தன் நல்ல வைக்கோலை வாயில் கவ்விக்கொண்டு வந்து அதன் பக்கத்தில் நின்று மெல்லும்.

இந்த இரண்டைத் தொடர்ந்து, தங்கள் கழுதை இனி வேண்டாம் என்றவர்கள் எல்லாம் அதை எங்கள் வாசலில் கட்டிவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். தீனிக்கு என்ன செய்வது என்று வந்தபோது, பால் கறந்து கொடு, நான் சோப்புப் போடுகிறேன் என்று சொன்னது நான். யோசனை என்னுடையது, சட்டம் எல்லாம் அண்ணியுடையது.

சட்டம் என்றால் சும்மா இல்லை. குட்டி ஓரளவு வளர்ந்து வைக்கோல் கடிக்கும் வரை தாயின் மடியில் கை வைக்கக் கூடாது. அதற்குப் பிறகும் நாளுக்கு ஒரு தடவைதான். கறப்பதற்கு முன்னால் கொஞ்ச நேரம் குட்டியைப் படலுக்கு அந்தப் பக்கம் விடுவார். தாய்க்குக் குட்டி தெரிய வேண்டும், குட்டிக்குத் தாய் தெரிய வேண்டும். பிறகு குட்டியை விடுவார். அது முட்டினால்தான் பால் இறங்கும். கழுதைக்குப் பசு மாதிரி பெரிய மடி கிடையாது, இரண்டே காம்பு, கறந்தால் ஒரு டம்ளரோ ஒன்றரையோ தேறும். ஒரு காம்பில் அண்ணி கறப்பார், மறு காம்பு குட்டிக்கு. தாய் காலை மாற்றிவைத்தால் அன்றைய கறவை முடிந்தது. "போதும்னு சொல்லுது" என்று எழுந்துவிடுவார். நான் கையில் பாத்திரத்தோடு அசடு வழிய நிற்பேன்.

அந்தப் பாலை நான் ஐஸ் கட்டியாக உறைய வைப்பேன். அப்படியே ஊற்றினால் காஸ்டிக் சோடாக் காரத்தின் சூட்டில் பால் கருகி நாறிவிடும். உறைந்த கட்டிகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காரத்தில் கரைத்து, எண்ணெயில் சேர்த்து, கை ஓயும் வரை கிண்டுவேன். சோப்பு நன்றாகத்தான் போயிற்று. போகப் போக மொத்தக் கடைக்காரருக்கு ஆசை வந்தது. ஒருநாள் பளபளவென்று செருப்புப் போட்டுக்கொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார்.

"குட்டிங்கள வேற எடத்துல கட்டுங்கம்மா. பால் ரெண்டு மடங்கு வரும். ஆண் குட்டிய எதுக்கு வச்சிருக்கீங்க? தள்ளிவிடுங்க."

அண்ணி தவிட்டைப் பிசைந்துகொண்டே கேட்டார்: "எங்க தள்ளுறது?"

"யாராச்சும் வாங்கிப்பாங்க."

"வாங்குறவங்க எதுக்கு வாங்குறாங்கன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கிட்டேருந்து போனா ஜோடியாத்தான் போகும். நிழலு, தண்ணி, மேய எடம் எல்லாத்தையும் நான் போய்ப் பார்த்துட்டுத்தான் குடுப்பேன். பாலு குட்டிக்குப் போக மிச்சம்தான் உங்களுக்கு."

"இப்படி இருந்தா வியாபாரம் எப்படிம்மா பண்றது?"

"அதான் பாருங்க, எனக்கும் தெரியல" என்று அண்ணி கையைக் கழுவினார். அந்த நேரம் பார்த்துச் சீமாட்டி கடைக்காரருடைய பளபளச் செருப்பை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மனிதர் கோபித்துக்கொண்டு போனார். பிறகு அவரே ஆள் அனுப்பிச் சோப்பு வாங்கிக்கொண்டார், அது வேறு விஷயம்.

ஜோடியைப் பிரிக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் சட்டம் சொன்ன அண்ணிதான், மேஸ்திரி செத்த அன்று அந்தக் காரியத்தைச் செய்தார்.

காலையில் மற்ற கழுதைகளைச் சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் மைதானத்தில் மேய விட்டுவிட்டு வந்தார். சீமாட்டியும் அதன் குட்டியும் அங்கே இருந்தன. மேஸ்திரி கொஞ்ச நாளாகவே வெளியே போவதில்லை, கொட்டகையில் படுத்திருக்கும். வந்து பார்த்தால் படுத்த படுக்கையிலேயே போய்விட்டிருந்தது. ஊறவைத்த தீனி அப்படியே இருந்தது. அண்ணி பக்கத்தில் மண்டியிட்டு அதன் கிழிந்த காதைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் அழுதேன், அவர் அழவில்லை. பிறகு திடீரென்று எழுந்தார்.

"அடுத்த தெருவுல சாக்கடை தோண்டிட்டு இருக்காரே, அந்த ஜேசிபிக்காரர ஓடிப்போய்க் கூப்பிடு. அதுங்க திரும்பி வர்றதுக்குள்ள பொதைச்சிரணும்."

"இப்ப என்ன அவசரம் அண்ணி?"

"சீமாட்டி பார்க்க வேணாம். அது தாங்காது."

இதை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. அதற்குள் அவர் பிளாஸ்டிக் தார்ப்பாயை இழுத்து விரித்துவிட்டார், நானும் ஓடிவிட்டேன்.

கொட்டகைக்குப் பின்னால் சுவர் தாண்டி ஒரு பள்ளமான காலி நிலம் உண்டு, அதுவும் எங்களுடையதுதான். அங்கே குழி தோண்டினார் ஜேசிபிக்காரர். மேஸ்திரியைத் தார்ப்பாயில் சுற்றி, கயிறு போட்டு, வழக்கம் போல ரெட்டை முடிச்சாகக் கட்டினார் அண்ணி. மண் மூடியது. திரும்பி வந்து கொட்டகைத் தரையைப் பினாயில் ஊற்றி மூன்று முறை கழுவினார். அது படுத்திருந்த இடம் மற்ற இடத்தைவிடச் சுத்தமாக இருந்தது.

சாயங்காலம் கழுதைகள் வந்தன. சீமாட்டி நேராக மேஸ்திரி படுக்கும் மூலைக்குப் போனது. தரையை முகர்ந்தது. பினாயில் நெடியில் மூக்கைச் சுளித்துப் பின்வாங்கியது, திரும்பவும் முகர்ந்தது. கொட்டகையை ஒரு சுற்றுச் சுற்றி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பார்த்தது, என் சோப்பு அறை வாசல் வரைக்கும் வந்து எட்டிப் பார்த்தது. பிறகு படலுக்கு வந்து வெளியே பார்த்து நின்று, கத்தியது. கழுதை கத்தினால் சிரிக்கிறவர்கள் உண்டு. அன்றைக்கு அதைக் கேட்டிருந்தால் யாரும் சிரித்திருக்க மாட்டார்கள்.

தீனி எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை. அண்ணி புது வைக்கோல் வைத்தார், கேரட் நறுக்கி வைத்தார், தவிட்டில் வெல்லம் கரைத்து உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தார். சீமாட்டி அவர் கையை முகர்ந்து, அவர் முகத்தைப் பார்த்து, மறுபடி படலைப் பார்த்தது. குட்டி முட்டி முட்டிப் பார்த்தது, மடியில் ஒன்றும் இல்லை. ஆண் குட்டி, பொடியன் என்று கூப்பிடுவோம். பசியில் அது என் சேலை முந்தானையைச் சப்ப வந்தபோது நான் டாக்டருக்குப் போன் போட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கால்நடை டாக்டரம்மா வந்தார். ஆரம்பத்திலிருந்து எங்கள் கழுதைகளைப் பார்க்கிறவர். அதட்டலான ஆள், ஆனால் கை மட்டும் மெதுவாக இருக்கும். சீமாட்டியின் ஈறைப் பார்த்தார், வயிற்றில் காது வைத்துக் கேட்டார், ஊசியில் ரத்தம் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மேலே கலங்கலாக ஒரு படலம் மிதந்தது.

"கழுதை பட்டினி கெடந்தா ரொம்பப் பொல்லாதது" என்றார். "ஒடம்புல இருக்குற கொழுப்பெல்லாம் ரத்தத்துல எறங்கிரும். கல்லீரல் கெட்டுப் போயிடும். அப்புறம் நானே நெனைச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது."

"இப்ப என்ன பண்றது?" என்று நான் கேட்டேன்.

"மூக்கு வழியா குழாய் விட்டுக் கஞ்சியும் சர்க்கரைத் தண்ணியும் குடுக்குறேன். ஒரு நாள் தாக்குப் பிடிக்கும். ஆனா அதுவா வாய் வச்சுத் திங்கணும், இல்லன்னா கஷ்டம்." குழாயைத் துடைத்துக்கொண்டே அண்ணியிடம் திரும்பினார். "கெழவன் செத்தப்ப இது பக்கத்துல இருந்துச்சா?"

"இல்ல. வர்றதுக்குள்ள பொதைச்சுட்டேன்."

"பார்க்கவே இல்லையா?"

"நான்தான் விடல."

டாக்டரம்மா அதட்டுவார் என்று நினைத்தேன். அவர் அதட்டவில்லை. "பார்த்திருந்தா அதுக்குப் புரிஞ்சிருக்கும்மா. முகர்ந்து பார்க்கும், தட்டிப் பார்க்கும், அப்புறம் விட்டுரும். இப்ப அதுக்கு என்ன தெரியும்? கெழவன் எங்கேயோ போயிருக்கான், வந்துருவான்னு நின்னுட்டிருக்கு" என்றார்.

குழாய் விட்டுக் கஞ்சி இறக்கினார். சீமாட்டி திமிறக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. வாளியில் துரும்பு மிதந்தால் முறைத்துக்கொள்கிற ஜீவன், மூக்கில் குழாய் போவதைப் பொறுத்துக்கொண்டு படலையே பார்த்து நின்றது.

அண்ணி கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்திருந்தார். அப்போது தெருமுனையில் ஒரு லாரி மேட்டில் ஏறிக் கியர் மாற்றியது. சீமாட்டியின் காதுகள் இரண்டும் நிமிர்ந்தன. அதே நேரத்தில் அண்ணியின் தலையும் நிமிர்ந்தது. லாரி போனது. காதுகள் தாழ்ந்தன. அண்ணி தலையைத் தாழ்த்தவில்லை. சீமாட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். 'பார்க்க வேணாம், தாங்காது' என்ற அந்த வார்த்தைகளை எங்கே கேட்டேன் என்று எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"எனக்கு உங்க பெரியப்பா பண்ணினத நான் இதுக்குப் பண்ணிட்டேன்" என்றார் அண்ணி.

வாளியை விட்டு எழுந்தார்.

"டாக்டரம்மா, தோண்டி எடுத்துக் காட்டலாமா?"

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "நோய் எதுவும் இல்ல, வயசாகித்தான் போச்சு. நாத்தம் இருக்கும். பொதைச்சு ரொம்ப நாளாகல, பரவாயில்ல. தலைய மட்டும் தொறங்க. கையுறை போட்டுக்கணும். திரும்ப மூடுறப்ப நெறைய சுண்ணாம்பு போடணும்."

ஜேசிபிக்காரரை மறுபடி கூப்பிட நான்தான் போனேன். சாக்கடைக் குழியிலிருந்து தலையை நீட்டி, நான் சொன்னதை இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

"நான் எத்தனையோ குழி தோண்டியிருக்கேங்க. பொதைக்கக் கூப்பிடுவாங்க. பொதைச்சத எடுக்கக் கூப்பிட்டது நீங்கதான் மொதல் ஆளு. எதுக்குங்க?"

"அதோட ஜோடிக்குக் காட்டணும்."

ஏதோ கிண்டலாகச் சொல்லத்தான் வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "சரி, வாங்க" என்று வண்டியைக் கிளப்பினார்.

மொட்டை மாடிகளில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எங்கள் தெருவுக்கு வேடிக்கை என்றால் மூக்கில் வியர்த்துவிடும். "கழுதை வீட்டுக்காரம்மாவுக்குப் புத்தி பெரண்டு போச்சு" என்று யாரோ எங்கள் காதில் விழுகிற மாதிரியே சொன்னார்கள். அண்ணி நிமிர்ந்து பார்க்கவில்லை. மேல் மண்ணை வண்டி எடுத்தது, மிச்ச மண்ணை அவரே குழிக்குள் இறங்கி மண்வெட்டியால் எடுத்தார். அந்தத் தோள் அன்றைக்குத்தான் பழைய சூளைத் தோளாக வேலை செய்தது. தார்ப்பாய் தெரிந்தது. முடிச்சு அவிழவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு நகத்தால் முயன்றார், பிறகு அரிவாளால் அறுத்தார். தான் போட்ட முடிச்சை அவர் அறுத்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

தலையையும் கழுத்தையும் மட்டும் திறந்து வைத்தார். நெடி அடித்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஜேசிபிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அவரிடம் யாரும் சொல்லவில்லை.

டாக்டரம்மா சீமாட்டியைப் பின்பக்கமாகக் கூட்டிவந்தார், பொடியன் தாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. குழி சரிவாகத்தான் தோண்டியிருந்தது, நடந்து இறங்கலாம். மேட்டிலேயே சீமாட்டி நின்றுவிட்டது. காதுகள் முன்னால் வந்தன. யாரும் கயிற்றை இழுக்கவில்லை. பிறகு அதுவே ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து இறங்கியது.

முதலில் மூக்கருகே முகர்ந்தது. பிறகு கிழிந்த காதை, பிறகு கழுத்தை. கழுத்தை மூக்கால் ஒரு தள்ளுத் தள்ளியது. தினமும் காலையில் மேஸ்திரி எழுந்திருக்கச் சோம்பல்பட்டால் இப்படித்தான் தள்ளும். அசைவில்லை. முன்னங்காலால் தோள் பக்கம் மெதுவாகத் தட்டியது. காத்திருந்தது. இன்னொரு தடவை தட்டியது. அதற்கப்புறம் தன் தலையைக் கொண்டுபோய் அந்தக் கழுத்தின் மேல் வைத்து அப்படியே நின்றது. குப்பைத் தொட்டிப் பக்கம் இரண்டும் நின்றது அதே நிலையில்தான். மாடிகளில் பேச்சு நின்றுபோயிருந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிழல் குழியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போயிருந்தது. சீமாட்டி தலையை எடுத்தது, உடம்பை ஒரு உதறு உதறியது. திரும்பி மேடேறியது. ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பொடியன் பின்னாலேயே குதித்து ஓடியது.

அண்ணி குழிக்குள்ளேயே இருந்தார். மேஸ்திரியின் முகத்தைத் தார்ப்பாயால் மூடினார். "நல்லா வேல செஞ்சே. போய்ட்டு வா" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதார். அண்ணன் போனதிலிருந்து அவர் அழுது நான் பார்க்கவில்லை, அன்றைக்கு மொத்தமாகச் சேர்த்து அழுதார். ஜேசிபிக்காரர் இறங்கி வந்து கை கொடுத்து மேலே ஏற்றினார். கூலி வாங்க மாட்டேன் என்று அவரும், வாங்கித்தான் ஆக வேண்டும் என்று அண்ணியும் அழுகையோடேயே சண்டை போட்டார்கள்.

கொட்டகைக்கு வந்தால் சீமாட்டி மேஸ்திரியின் மூலையில் நின்றிருந்தது. தரையை ஒருமுறை முகர்ந்துவிட்டு அங்கேயே நிதானமாக விட்டை போட்டது. அண்ணி தேய்த்துத் தேய்த்துக் கழுவிய தரை. பிறகு தண்ணீர் வாளிக்கு வந்து எட்டிப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. உள்ளே ஒரு துரும்பு மிதந்தது. டாக்டரம்மா, அந்த அதட்டல் டாக்டரம்மா, சத்தமாகச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் ஓடிப்போய்ப் புதுத் தண்ணீர் பிடித்து வந்தேன். குடித்தது. வைக்கோலில் ஒரு நாலு இழையைக் கவ்வி, வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே மென்றது. நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

"இன்னும் தாண்டிடல" என்றார் டாக்டரம்மா. "நாளைக்கு மறுபடி ரத்தம் பார்க்கணும். ஆனா வாய் வச்சிருச்சு. பாலுக்கு மட்டும் கொஞ்ச நாள் கை வைக்காதீங்க."

"இந்தக் குட்டி வளந்து முடியிற வரைக்கும் வைக்க மாட்டேன்" என்றார் அண்ணி. என்னைத் திரும்பிப் பார்த்தார். சோப்புக்காரி நான் வேறு என்ன சொல்வேன், சரி என்று தலையாட்டினேன். மனசார ஆட்டினேன்.

எல்லோரும் போன பிறகு குளித்துவிட்டு வந்த அண்ணிக்குத் தட்டில் சாப்பாடு போட்டு வைத்தேன். சீமாட்டி பட்டினி கிடந்த நாளெல்லாம் இவரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. இப்போதும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நான் எதிரில் உட்கார்ந்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க அண்ணி."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில நீ பார்த்தல்ல. எப்படி இருந்தாரு?"

இத்தனை வருஷத்தில் அவர் கேட்டதில்லை. கேட்டால் என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்ததும் இல்லை. பொய் சொல்லலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. குழிக்குள் இறங்கி நின்றவரிடம் எப்படிப் பொய் சொல்வது?

"எடது பக்கம் பார்க்குற மாதிரி இல்ல அண்ணி. துணி போட்டு மூடியிருந்தாங்க. வலது பக்கம் ஒண்ணுமே ஆகல. தூங்குற மாதிரிதான். மீசையில செங்கல் தூசி. எப்பவும் இருக்குமே, அந்த மாதிரி."

"கண்ணு?"

"மூடியிருந்துச்சு."

அவர் பிசைவதை நிறுத்தியிருந்தார். நான் சொல்ல மறந்த ஒன்று, நான் மறந்தே போய்விட்டதாக நினைத்திருந்த ஒன்று, அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

"விரல்ல ஒரு துணி கட்டியிருந்துச்சு. நீலக் கட்டம் போட்ட துணி."

அண்ணியின் முகம் மாறியது. "காலையில லாரிக் கதவுல விரல நசுக்கிக்கிட்டாரு. என் பழைய துணியக் கிழிச்சு நான்தான் கட்டிவிட்டேன். எதுக்கு இவ்ளோ இறுக்கமாக் கட்டுறேன்னு கத்தினாரு." என் பக்கமாகக் குனிந்தார். "அது இருந்துச்சா?"

"இருந்துச்சு. ரெட்டை முடிச்சு. அவ்ளோ நடந்தும் அவிழவே இல்ல அண்ணி."

அவர் தலையை ஆட்டினார். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. இடது கையைத் தட்டின் ஓரத்தில் வைத்து, அந்த நீலத் துணியைத் தடவிப் பார்ப்பது போல விரல்களை ஒன்றோடொன்று மெதுவாகத் தேய்த்துக்கொண்டார். பிறகு ஒரு கவளம் எடுத்து வாயில் வைத்தார். அடுத்த கவளம் எடுத்தார்.

தெருமுனையில் ஒரு லாரி மேட்டில் ஏறிக் கியர் மாற்றியது. வழக்கப்படி நான் நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன்.

"என்ன பார்த்துட்டே உக்காந்திருக்கே?" என்றார் அண்ணி, தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இன்னும் கொஞ்சம் போடு."